தண்ணீர்ச் சம்மட்டி

கண்டி
09.06.2024

அன்புள்ள தங்கச்சி சஞ்சீவனிக்கு,

நீ என் நம்பரைப் போனில் அடைத்து வைத்திருக்கிறாய். வட்ஸ்அப்பிலும் அப்படியே. மாப்பிள்ளை துஷாந்துக்கு எடுத்தால், "அவ பக்கத்துல இருக்கா மச்சான்" என்று இருமலோடு இருமலாகச் சொல்லிவிட்டு வைத்துவிடுகிறார். மனிதருக்கு என்மேல் பாசம், உன்மேல் பயம். தபால்காரரை அடைத்து வைக்கும் பொத்தானை இன்னும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. ஆகவே இந்தக் கடிதம். முத்திரையை எந்தப் பக்கம் ஒட்டுவது என்று தபாற் கந்தோரில் கேட்டேன். அங்கிருந்த பிள்ளை, நேற்றுத்தான் மறியல் வீட்டிலிருந்து விடுதலையாகி வந்தவனைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தது.

அம்மாவின் ஆண்டுத் திவசத்தில் நடந்ததை மறந்துவிடுவோம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் நீயும் மறக்கமாட்டாய், நானும் மறக்கமாட்டேன், பக்கத்து வீட்டு சித்தி றலியா சாகும்வரை மறக்கமாட்டார். ஐயர் எழும்புவதற்கு முன்னால் நீ வடைத் தட்டைக் கீழே போட்டாய். வடைகள் நாலா பக்கமும் உருண்டன. அதே மூச்சில், "அப்பாவுக்கு மூளை கொழம்பிருச்சு. நான் தெல்தெனியவுக்குக் கூட்டிட்டுப் போறேன், டொக்டர்கிட்ட காட்டப் போறேன்" என்று சபையில் அறிவித்தாய். நான் வேண்டாம் என்றேன். "ஒனக்கென்ன? ஞாயித்துக்கெழம வந்து சாப்பிட்டுட்டுப் போற விருந்தாளி!" என்றாய்.

உண்மைதான். அதனால்தான் வலித்தது. வலித்தால் எனக்கு வாய் சும்மா இருக்காது என்று உனக்குத் தெரியும். "அப்பாவத் தூக்கிட்டுப் போயிட்டா ரோசாச் செடிக்கு யாரு தண்ணி ஊத்துறது?" என்று கேட்டேன். ஒருவரும் சிரிக்கவில்லை. சித்தி றலியா மட்டும் சிரித்தார். அது இன்னும் மோசமாகிவிட்டது.

அப்பா அம்பிட்டிய வீட்டில் தனியாக இருக்கிறார், சரி. பின்பக்கத்துப் பைப்பில் முகம் கழுவிவிட்டு, பைப்பை மூடிவிட்டு, குசினிப் பக்கம் திரும்பி அம்மாவோடு ஏதோ முணுமுணுக்கிறார், அதுவும் சரி. அம்மா இருந்தபோதும் பேசினவர்தானே? ஒரே வித்தியாசம், இப்போது தான் தொடங்கிய வசனத்தை அவரால் முடிக்க முடிகிறது.

அவர் பாட்டுக்கு இருக்கட்டும். டொக்டர், மாத்திரை என்று ஒன்றும் வேண்டாம். காரணம் கேட்காதே. அண்ணன் சொல்கிறேன்.

உன் அண்ணன்
சண்முகநாதன்


தெல்தெனிய
17.06.2024

அண்ணனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. துஷாந்த் அதை வாசித்துவிட்டு, குளியலறைக்குள் போய்ச் சிரித்துவிட்டு வந்தார். நான் சிரிக்கவில்லை.

நீ வேண்டாம் என்று எழுதிய நேரம் நான் அப்பாவை டொக்டரிடம் காட்டி முடித்துவிட்டேன். கண்டியிலேயே ஒரு மனநல டொக்டரைச் சனல் பண்ணி, நேரம் எடுத்துக் கூட்டிக்கொண்டு போனேன். உன் ஒபிஸ் இருக்கும் வீதியால்தான் போனோம். உனக்குச் சொல்லவில்லை, வேண்டுமென்றுதான் சொல்லவில்லை.

டொக்டர் அப்பாவிடம் கேட்டார், "ஐயா, மத்தவங்களுக்குக் கேக்காத சத்தம் ஏதாச்சும் ஒங்களுக்குக் கேக்குதா?" அப்பா என் முகத்தைப் பார்த்தார். வீட்டுப்பாடம் செய்யாமல் வந்த பிள்ளை வகுப்பில் என்னைப் பார்க்குமே, அப்படி. பிறகு மெதுவாகச் சொன்னார், "என் சம்சாரம் தட்டுது." எங்கே என்று டொக்டர் கேட்டார். "குசினியில. நான் பைப்ப மூடுனா தட்டும்." டொக்டர் மேலே ஒன்றும் கேட்கவில்லை, எழுதத் தொடங்கிவிட்டார்.

அம்மா அப்படித்தான் தட்டுவார் என்று உனக்கும் தெரியும். அப்பா பைப்பைத் திறந்து விட்டுவிட்டு மதிலுக்கு மேலால் ஊர்க்கதை பேசிக்கொண்டு நிற்பார். அம்மா குசினிக்குள் இருந்து கரண்டியால் சட்டியில் தட்டுவார். அதைத்தான் இப்போதும் கேட்கிறாராம், அதுவும் பைப்பை மூடிய பிறகு. இதற்கு என்ன பெயர் வைக்கச் சொல்கிறாய்?

அம்பிட்டியவுக்குப் போகும்போதெல்லாம் பார்க்கிறேன், மாத்திரை தொடங்கியதிலிருந்து காலைத் தேத்தண்ணி குடித்த கையோடு வாயைத் திறந்தபடி தூங்கிவிடுகிறார். கோப்பையைத் தூக்கினால் கை நடுங்குகிறது. சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். இன்னொன்றும் இருக்கிறது. பின்பக்கத்துப் பைப்பை நாள் முழுக்கத் திறந்தே விடுகிறார். கேட்டால் "மூட மறந்துட்டேன்" என்கிறார். ஆள் அறைக்குள் இருக்கும்போதே லைட்டை அணைக்கிற மனிதர் அவர். இப்போது தண்ணீர் ஓடிக்கொண்டிருக்க, பக்கத்தில் கதிரையைப் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

சத்தம் நிற்கவில்லை என்றால் அடுத்த தடவை மாத்திரையைக் கூட்டவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருக்கிறார். ஜூலை முதல் கிழமை போகவேண்டும். உன்னிடம் வேண்டாம் என்பதற்குக் காரணம் இருந்தால் எழுது. ஜோக் வேண்டாம். வயது வந்த மனிதன் சொல்லும் காரணமாக ஒன்று எழுது.

சஞ்சீவனி


கண்டி
23.06.2024

அன்புள்ள சஞ்சீவனி,

எங்கள் ஒபிஸில் புதிய மனேஜர் வந்திருக்கிறார். முடிக்குச் சாயம் அடிப்பவர், மீசைக்கு அடிக்க மறப்பவர். உங்கண்ணியின் ஒன்றுவிட்ட தம்பி வத்தேகமவில் மூன்றாவது முறையாகப் பெண் பார்த்து

மேலே எழுதியதை வெட்டி அடித்துவிடுகிறேன். இப்படியே நாலு பக்கம் எழுதிவிடுவேன் போலிருக்கிறது. உங்கண்ணி தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, "விசயத்துக்கு வாங்க" என்றாள். என்ன விசயம் என்று அவளுக்கே தெரியாது. யாருக்கும் தெரியாது. அதுதான் விசயம்.

அந்தச் சத்தம் நிஜமான சத்தம். அப்பாவின் தலைக்குள் இல்லை, சுவருக்குள் இருக்கிறது. அதை அங்கே வைத்தவன் நான்.

அம்மா போய்ச் சில கிழமைகளில் அப்பாவின் விரல் மூட்டுகள் வீங்கின, நினைவிருக்கிறதா? பழைய திருகு பைப்பை மூட அவரால் முடியவில்லை. நான் பெரிய இஞ்சினியர் அல்லவா? கையால் தட்டினாலே மூடிக்கொள்ளும் லீவர் பைப் ஒன்றை வாங்கி மாட்டினேன். தண்ணீரும் நல்ல வேகத்தில் வரட்டும் என்று கூரைத் தொட்டியை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் மேட்டில் புதுத் தொட்டி கட்டி, அங்கிருந்து பழைய இரும்புக் குழாயோடு இணைத்தேன். அப்பா பைப்பைத் தடவிப் பார்த்து, "நல்லா இருக்குடா" என்றார். எனக்குப் பட்டமளிப்பு விழாவில்கூட அப்படி மனம் குளிரவில்லை.

இனி கொஞ்சம் பௌதிகவியல். பொறுத்துக்கொள்.

பைப்பைத் திறந்தால் மேட்டுத் தொட்டியிலிருந்து நம் கைவரை குழாய் நிறையத் தண்ணீர் ஓடிவருகிறது. அதற்கு எடை இருக்கிறது, வேகம் இருக்கிறது. திருகு பைப்பைச் சுற்றிச் சுற்றி மூடும்போது அது மெல்ல மெல்ல வேகம் குறைந்து நிற்கும். லீவரைத் தட்டினால் வாசல் பட்டென்று அடைபடும். உங்கள் தெல்தெனிய பஸ்ஸில் நின்றுகொண்டு போகிறாய், டிரைவர் திடீரென்று பிரேக் அடிக்கிறான். என்ன நடக்கும்? பின்னால் நிற்கிற அத்தனை பேரும் முன்னால் நிற்பவன் முதுகில். தண்ணீருக்கும் அதே கதிதான். ஆட்களையாவது கொஞ்சம் நசுக்கலாம், தண்ணீர் நசுங்கவே நசுங்காது. ஓடிவந்த வேகமெல்லாம் அழுத்தமாக மாறி, சத்தத்தின் வேகத்தில் குழாய் வழியே தொட்டிக்கு ஓடி, அங்கே முட்டித் திரும்பி, மறுபடி ஓடி, ஒவ்வொரு தடவையும் குழாயைச் சுவரோடு உதைக்கும். டங், டங், டங் என்று தேய்ந்து தேய்ந்து நிற்கும். நீர்ச்சம்மட்டி என்று அதற்குப் பெயர். குசினிச் சுவரில், அம்மா கரண்டி தொங்கவிடும் இடத்துக்கு நேர் பின்னால், குழாயைப் பிடித்திருக்கும் கொக்கி கழன்றிருக்கிறது. அதனால் வீடு முழுவதையும் விட்டுவிட்டு அங்கே வந்து தட்டுகிறது.

மருந்து மிகச் சின்னது. பைப்புக்குப் பக்கத்தில் ஒரு சாண் குழாயை நிமிர்த்தி வைத்துத் தலையை மூடிவிட்டால் போதும். அதற்குள் காற்று இருக்கும். காற்று நசுங்கும். அடியை அது வாங்கிக்கொள்ளும்.

ஏன் செய்யவில்லை என்று நீ கேட்பது இங்கே கேட்கிறது.

மாட்டிய மறு ஞாயிறு, அப்பா பைப்பை மூடினார், சத்தம் கேட்டது. எனக்கு அந்தக் கணமே விளங்கிவிட்டது. ஸ்பானரை எடுக்கக் குனிந்தேன். அப்பா குசினிப் பக்கம் திரும்பி, "இந்தா வந்துட்டேன் வடிவு" என்றார். செத்தவீட்டுக்குப் பிறகு அவர் அம்மாவின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. முகத்தில் ஏதோ ஒன்று வந்தது. நான் அதைச் சந்தோசம் என்று எடுத்துக்கொண்டேன். அம்மாவை இன்னொரு தடவை நானே சாகடிப்பதா என்று ஸ்பானரை உள்ளே வைத்துவிட்டேன்.

இது நல்ல காரணம். இன்னொன்றும் உண்டு, அது அவ்வளவு நல்லதில்லை. வருசா வருசம் பம்ப் ஓட்டுபவர்களுக்கு வகுப்பு எடுப்பவன் நான்தான். "தண்ணிய அவசரமா நிறுத்தாதீங்க, குழாய் வெடிக்கும்" என்று மேசையில் குத்திக் குத்திச் சொல்பவன். பெத்த அப்பாவின் வீட்டில் அதே பிழையைச் செய்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. பிறகு நாள் போகப் போக, இவ்வளவு நாள் ஏன் சொல்லவில்லை என்பதைச் சொல்ல வெட்கம்.

நீ டொக்டரிடம் போகப் போகிறாய் என்று தெரிந்தபோதாவது சொல்லியிருக்கலாம். "அண்ணன் சொல்கிறேன்" என்று எழுதினேன். மாத்திரையை நிறுத்து, சஞ்சீவனி.

சண்முகநாதன்


தெல்தெனிய
28.06.2024

அண்ணனுக்கு,

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே அம்பிட்டியவுக்குப் போனேன். அப்பா உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார். நான் போட்டுக் கொடுத்த மாத்திரையில்தான் தூங்கினார். ஓடிக்கொண்டிருந்த பைப்பை மூடினேன். தட்டியது. மறுபடி திறந்து மூடினேன். தட்டியது. அங்கேயே ஈரத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

டொக்டருக்குப் போன் எடுத்துச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார். பட்டென்று நிறுத்தக்கூடாதாம், குறைத்துக் குறைத்து நிறுத்தவேண்டும், ஒரு தடவை கூட்டிக்கொண்டு வாங்கள், நான் திரும்பப் பார்க்கவேண்டும் என்றார். அவர் குரலும் சரியில்லை. அவர் கேட்டதற்கு அப்பா உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து அந்த உண்மைக்கு மருந்து கொடுத்திருக்கிறோம்.

உன்னை வாயில் வந்தபடி ஏசலாம் என்றுதான் பேனை எடுத்தேன். ஏசுவதற்கு எனக்குத் தகுதி போதாது. திவசத்தன்று வடைத் தட்டு ஏன் விழுந்தது தெரியுமா? யாரோ பின்னால் கை கழுவிவிட்டுப் பைப்பை மூடினார்கள். நான் தட்டோடு குசினி வாசலில் தனியாக நின்றேன். என் முதுகுக்குப் பின்னால் சுவர் தட்டியது. அம்மா தட்டுவது போலவே. தட்டு கை நழுவிவிட்டது. அப்பாவுக்குக் கேட்பது எனக்கும் கேட்கிறது என்று அங்கே வைத்துச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்னையும் பைத்தியம் என்பார்கள் என்று பயம். அதனால் முந்திக்கொண்டு அப்பாவைச் சொன்னேன். டொக்டர் "மத்தவங்களுக்குக் கேக்காத சத்தம்" என்றபோதும் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

நீ போய் அப்பாவிடம் சொல். நான் வரமாட்டேன், என் முகத்தைப் பார்த்தால் நீ ஜோக் அடிக்கத் தொடங்குவாய். பைப்பைத் திறந்து மூடிக் காட்டிச் சொல். குழாயைத் திருத்திவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மட்டும் வந்துவிடாதே.

சஞ்சீவனி


கண்டி
08.07.2024

சஞ்சீவனிக்கு,

இது உன் கைக்கு வர முன்னால் அப்பா வந்திருப்பார். வாசலில் திடீரென்று அவரைப் பார்த்து என்ன நினைத்தாயோ. என்ன நடந்தது என்று அவர் சொல்லமாட்டார், ஆகவே நான் எழுதுகிறேன்.

நேற்றுக் காலை போனேன். போகும்போது வழியில் நாலைந்து ஜோக்குகளைத் தயார்பண்ணிக்கொண்டுதான் போனேன், பழக்கம். அப்பா பைப்படியில் கதிரையில் இருந்தார். தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. "அப்பா, இதக் கொஞ்சம் பாருங்க" என்று லீவரைத் தட்டி மூடினேன். சுவர் தட்டியது. அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

"கண்ணத் தொறங்கப்பா. கையப் பாருங்க" என்று, திறந்து, இம்முறை லீவரை மெல்ல மெல்ல இழுத்து மூடினேன். சத்தமில்லை.

அப்பா நிமிர்ந்தார். "திருப்பி மூடு."

மூடினேன்.

"மெதுவா."

மெதுவாக மூடினேன்.

"வேகமா மூடு. திரும்ப. திரும்ப மூடுடா."

என் கை வலிக்கும்வரை செய்தேன். தட்டிய ஒவ்வொரு தடவையும் அவர் என் கையையே பார்த்தார். தண்ணீர், எடை, வேகம், பஸ், பிரேக் என்று உனக்கு எழுதியதை எல்லாம் சொன்னேன். கேட்டாரா தெரியாது. கடைசியில், "அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல?" என்றார்.

"இல்லப்பா."

"இது ஒனக்கு எப்பருந்து தெரியும்?"

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. "மாட்டுன மறு ஞாயித்துக்கெழமையிலருந்து."

அதற்குப் பிறகு அவர் பேசியதை அப்படியே எழுதுகிறேன். மாற்றி எழுத எனக்கு உரிமையில்லை.

"அன்னைக்குக் காலையிலயும் தட்டுனா. நான் பைப்பத் தொறந்து விட்டுட்டு சாஹுல் ஹமீதுகிட்ட மதிலுக்கு மேல பேசிக்கிட்டு நின்னேன். வழக்கம்போல மூடச் சொல்றான்னு மூடுனேன். மூடிட்டு மறுபடி பேச்சுல நின்னுட்டேன். மறுபடி தட்டுனா. 'மூடியாச்சு, மூடியாச்சு!'ன்னு இங்கருந்தே கத்துனேன். சாஹுல் ஹமீது சிரிச்சாரு, நானும் சிரிச்சேன். பேசி முடிச்சுட்டு உள்ள போனா கரண்டிய இறுக்கிப் புடிச்சபடி கெடக்கா. பைப்புக்குத் தட்டலடா. என்னையக் கூப்பிட்டிருக்கா."

லீவரைப் பார்த்துக்கொண்டே தொடர்ந்தார்.

"நீ புதுப் பைப்ப மாட்டுன. மூடுனா தட்டுறா. மூடுனதுக்குப் பொறகு தட்டுறா, அன்னைக்கு மாதிரியே. வந்துட்டேன், வந்துட்டேன்னு சொல்லிப் பாத்தேன். விடல. மூடாம விட்டாத்தான் சும்மா இருக்கா. மாத்திரையக் குடிச்சா நிக்கும்னாங்க, அதையும் குடிச்சேன்."

சஞ்சீவனி, நான் அவர் முகத்தில் சந்தோசம் பார்த்ததாக உனக்கு எழுதினேன் அல்லவா? ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அந்தக் கதிரைக்குப் பக்கத்தில் நின்று, மனிதர் பெஞ்சாதியோடு கொஞ்சுகிறார் என்று உள்ளுக்குள் சிரித்துக்கொண்டு, சோற்றைத் தின்றுவிட்டு வந்திருக்கிறேன். அவர் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என்ன கேட்கிறது என்று டொக்டர் கேட்டார். கேட்டதும் என்ன செய்கிறீர்கள், ஏன் 'வந்துட்டேன்' என்கிறீர்கள் என்று நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை. ஒரு சாண் குழாய் என் காரின் டிக்கியிலேயே கிடந்தது.

அதை மாட்டினேன். லீவரைத் தட்டினேன். சத்தமில்லை. அப்பா வந்து தானும் ஒரு தடவை தட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே போய் இரண்டு சட்டையையும் சாரத்தையும் பையில் போட்டுக்கொண்டு வந்தார். "நான் தெல்தெனியவுக்குப் போறேன்" என்றார். காரில் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "வேணாம். பஸ் இருக்கு."

படியிறங்கும்போது பையை வாங்கக் கையை நீட்டினேன். மற்றக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

அவர் சாப்பிட்டாரா என்று மட்டும் எழுது.

சண்முகநாதன்


தெல்தெனிய
22.07.2024

அண்ணா,

அப்பா சாப்பிடுகிறார். கை நடுக்கம் குறைந்திருக்கிறது. இரண்டு மாத்திரையில் ஒன்றை முற்றாக நிறுத்தியாயிற்று. இந்த முறை டொக்டர் எழும்பி வந்து, கதிரையை இழுத்து அப்பாவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்துதான் பேசினார்.

வந்த முதல் கிழமை உன் பெயரை எடுக்கவில்லை. துஷாந்த் ஒரு நாள் தெரியாத்தனமாக, "மச்சான் வரலையா?" என்று கேட்டுவிட்டார். அப்பா எழும்பி வெளியே போய், விக்டோரியா அணைக்கட்டுத் தண்ணியைப் பார்த்துக்கொண்டு வெயிலில் நின்றார். சாப்பாடு ஆறிப்போன பிறகுதான் வந்தார்.

நேற்று நான் பொறுக்காமல் என் பங்கைச் சொல்லிவிட்டேன். திவசத்தன்று எனக்கும் கேட்டது, பயத்தில் உங்களைப் பைத்தியம் என்று சொன்னேன் என்று. சொல்லும்போது அழுதுவிட்டேன். "அதுக்காடி அவ்வளவு வடையையும் கொட்டுன?" என்று அப்பா கேட்டார். சிரிப்பும் வந்தது அவருக்கு, முழுதாக வரவில்லை. பிறகு என்னை உள்ளே போகச் சொல்லவில்லை. பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டார்.

அந்தத் தைரியத்தில் கேட்டேன், "அண்ணன மன்னிச்சிருங்கப்பா. அவரும் என்னைய மாதிரி உருகிப்போயி இருக்காரு."

"மன்னிக்க நான் யாரு?" என்றார்.

அதோடு கதை முடிந்தது என்று நினைத்தேன். தேத்தண்ணி போட எழும்பினேன். குசினிவரை போனவளைக் கூப்பிட்டார்.

"அவனும் சத்தத்தக் கேட்டுட்டுச் சும்மா நின்னவன். நானும் அப்படித்தான். இத வேற யாருகிட்ட போயி நான் பேசுறது? அவன வரச் சொல்லு."

சஞ்சீவனி